பாகற்காய் தின்னும் நாக்கும் பீரின் கசப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பானை எத்தனை லிட்டர் இருக்க வேண்டும், நொதிக்கும் வாளியின் மூடியில் காற்றுக்குழாய் எப்படிப் பொருத்துவது, புட்டிகளை எதில் அலசுவது என்று எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசிப் பத்தியில்தான் எனக்கு வயிறு எரிந்தது. புதியவர்கள் அதிகம் விற்பனையாகும் ஐபிஏ என்னும் கசப்புப் பீர் வகையைக் காய்ச்சும் பொருள் தொகுப்பு ஒன்றை வாங்கித் தொடங்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். பதினேழு லிட்டரைக் குளியலறைச் சாக்கடையில் கொட்டினேன்.

நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் குழாய் பொருத்தும் வேலையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். குழாய், அழுத்தம், வெப்பம் இவற்றோடு பழகிய கைக்குப் பீர் காய்ச்சுவது பெரிய வித்தை அல்ல என்று நினைத்தேன். கை தேறிவிட்டது, நாக்குதான் தேறவில்லை. எனக்கு எந்தப் பீர் பிடிக்கும் என்பதே எனக்குத் தெரியாது. நாற்பது ஆண்டுகளாகக் குடித்தவனுக்கு அது தெரியாதா என்று கேட்பீர்கள். பீரும் விற்கும் நம் ஊர்க் காப்பிக்கடையில் நாற்பது ஆண்டும் ஒரே லாகர் வகைப் பீரைச் சொல்லிக் குடித்தவனுக்கு எப்படித் தெரியும்?

தொகுப்பு விற்ற கடைக்காரரிடம் எது நன்றாக இருக்கும் என்று கேட்டேன். எது நன்றாக ஓடுகிறதோ அதைக் கொடுத்தார். அவர் மேல் குற்றமில்லை, கேள்வி தவறு. வீட்டுக்கு வந்து இருபது லிட்டர் காய்ச்சி, யீஷூன் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால், துணி காயும் இடத்தில் வாளியை வைத்தேன். மே மாதம். பகலில் அங்கே 31 டிகிரி. நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டுக்குச் சூடு கூடினால் வேலை வேகமாக நடக்கும், நாற்றமும் அதே வேகத்தில் வரும். அப்போது அது எனக்குத் தெரியாது. மூன்று வாரம் கழித்து முதல் புட்டியைத் திறந்தபோது நகப்பூச்சைத் துடைக்கும் திரவத்தின் வாடை அடித்தது. ஒரு மடக்கு குடித்தேன். நாக்கு சுருண்டது, தொண்டை காய்ந்தது, நெற்றி சூடானது. எனக்குக் கசப்பு ஒத்துக்கொள்ளாது என்று முடிவுகட்டி, நோட்டிலும் அப்படியே எழுதி வைத்தேன்.

அந்த வரியை அடித்துவிட்டவர் என் மனைவி. அவர் பீரைத் தொடமாட்டார், ஆனால் மூக்கு கூர்மையானது. "வாரத்துக்கு இரண்டு நாள் பாகற்காய் வறுவல் கேட்கிறீர்கள். சுண்டைக்காய் வற்றலைச் சோறில்லாமலே தின்கிறீர்கள். காலையில் சர்க்கரையும் பாலும் போடாத காப்பி. உங்களுக்கா கசப்பு ஒத்துக்கொள்ளாது?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அன்றைக்குத்தான் மீதிப் புட்டிகளில் ஒன்றைத் திறந்து, குடிக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வைத்துப் பார்த்தேன். கசப்பு இருந்தது, ஆனால் அது பாகற்காய்க் கசப்புதான், நாக்கின் அடியில் கொஞ்ச நேரம் நின்று போய்விடுகிறது. எனக்குப் பிடிக்காதது வேறு ஒன்று. பல்லின் மேல் துணி போர்த்தியதுபோல ஒரு வறட்சி. வாழைப்பூவை மோரில் போடாமல் சமைத்தால் வருமே, பிஞ்சு நெல்லிக்காயைக் கடித்தால் வருமே, அது. துவர்ப்பு! தொகுப்போடு வந்த தானியப் பையைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கால் மணி நேரம் ஊறப் போட்டிருந்தேன். தானியத்தை 65, 70 டிகிரிக்குள் ஊறவைக்க வேண்டும். கொதிநீரில் போட்டால் உமியில் இருக்கும் துவர்ப்புச் சத்து எல்லாம் இறங்கிவிடும். தேயிலையை அடுப்பிலேயே மறந்துவிட்டதுபோல. ஆக, என் கசப்பு வெறுப்பு என்பது என் கைத்தவறு.

ஆங்கிலத்தில் பேசும் நண்பர்கள் கசப்பையும் துவர்ப்பையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் பேச்சில் துவர்ப்புக்குச் சட்டென்று வாயில் வரும் சொல் இல்லை. நமக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அறுசுவை என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான்தான் அதைப் பாயசம் பச்சடி என்று வருடப்பிறப்புக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருந்தேன்.

அதன் பிறகு இரண்டு மாதம் எதுவும் காய்ச்சவில்லை. ருசி பார்த்தேன், எழுதினேன். முறை இதுதான்: சனிக்கிழமை மாலை இரண்டு வகைப் பீர், ஒவ்வொன்றிலும் சின்னப் புட்டி ஒன்று. பனிக்கட்டி போலக் குளிரவைப்பதில்லை, ஏனென்றால் அந்தக் குளிரில் எதுவும் தெரியாது, எல்லாப் பீரும் குளிர்ந்த தண்ணீரின் உறவினர்தான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வைப்பேன். மனைவி எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி எண் எழுதி வைப்பார். நிறத்தைப் பார்த்து மனம் முந்திக்கொள்ளக் கூடாது என்பதற்காக எவர்சில்வர். நோட்டில் வெளிநாட்டுச் சொற்கள் எழுதக் கூடாது, நம் சமையலறையில் இருக்கும் பொருளின் பெயரை மட்டும் எழுத வேண்டும் என்பது நானே போட்ட விதி. முதல் பக்கத்தில் "வறுத்த கொண்டைக்கடலை, பழைய புத்தகம், கொஞ்சம் எலுமிச்சை இலை" என்று இருக்கிறது. சிரிப்பு வரும், ஆனால் ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் அந்த மடக்கு வாயில் திரும்பி வருகிறது. பழைய புத்தக வாடை, காகித அட்டை வாடை என்றால் காற்றுப் பட்டுக் கெட்ட பீர் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். வெண்ணெய் வாடை, வேகவைத்த சோள வாடை இவற்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. இவை காய்ச்சியவரின் கோளாறு, அல்லது கடையில் வைத்திருந்தவரின் கோளாறு. உங்கள் விருப்பு வெறுப்புக் கணக்கில் இவற்றைச் சேர்த்துவிடக் கூடாது.

இதில் ஒரு அவமானமும் நடந்தது. மூன்று டம்ளர் சோதனை என்று ஒன்று உண்டு. இரண்டில் ஒரே பீர், மூன்றாவதில் வேறு. வித்தியாசமானது எது என்று சொல்ல வேண்டும். என் நாற்பது ஆண்டு லாகரையும் நான் ஏளனம் செய்து வந்த இன்னொரு லாகரையும் மனைவி ஊற்றி வைத்தார். ஐந்து முறை செய்தோம், இரண்டு முறைதான் சரியாகச் சொன்னேன். குத்துமதிப்பாகச் சொன்னாலே மூன்றில் ஒன்று சரியாக வரும், ஐந்துக்கு இரண்டு என்பது அதைவிட ஒன்றும் மேல் அல்ல. எந்தக் கம்பெனி என்று எழுதமாட்டேன், இத்தனை ஆண்டு விசுவாசத்துக்கு அதுவாவது மிஞ்சட்டும்.

மால்ட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்குப் பீர் என்றால் ஹாப்ஸ், அதாவது கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ, என்றே எண்ணம். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமை, அதுதான் பீரின் உடம்பு. மால்ட் சாறுத் தூள் பையைத் திறந்து மோந்து பாருங்கள்: ஹார்லிக்ஸ்! நம் வீடுகளில் காய்ச்சலுக்குக் கொடுத்த அதே வாசனை. ஹார்லிக்ஸும் மைலோவும் மால்ட் வகையறாதான் என்பதால் இந்த ருசி நமக்குக் குழந்தையிலிருந்தே பழக்கம். பொருள் விற்கும் கடையில் கேட்டால் ஒவ்வொரு மால்ட்டிலும் ஒரு பிடி கொடுப்பார்கள், வாயில் போட்டு மெல்லலாம். வெளிர் மால்ட் பொட்டுக்கடலை மாதிரி. கிரிஸ்டல் மால்ட் கடலை மிட்டாயின் பாகு மாதிரி. சாக்லேட் மால்ட் என்பதில் சாக்லேட் கிடையாது, நிறத்துக்காக அந்தப் பெயர். கருக வறுத்த வாற்கோதுமை, சட்டியின் அடியில் பிடித்த காப்பி. ஐந்து நிமிடம் மென்றதில் எனக்கு ஒன்று உறுதியானது: பாகு இனிப்பு எனக்கு வேண்டாம், கருகல் வேண்டும்.

கருகல் ஆசை எங்கிருந்து வந்தது என்பதும் பிறகுதான் புரிந்தது. என் அப்பா சம்பள நாளில் காப்பிக்கடையில் ஸ்டவுட் என்னும் கருப்புப் பீர் ஒரு புட்டி குடிப்பார். சில நாள் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக்கொள்வார், உடம்புக்குப் பலமாம். நுரையில் விரலை வைத்து என் நாக்கில் தடவுவார். இன்றைக்கு அப்படிச் செய்தால் சமூக நலத்துறைக்குத் தொலைபேசி போகும். ஆனால் என் நாக்கின் முதல் பாடம் அந்த விரல்நுனிதான்.

கருப்பாக இருந்தால் போதை அதிகம் என்று உங்கள் கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வாக்கியம் வந்திருந்தது. அதைத் திருத்த வேண்டுகிறேன். அயர்லாந்தின் கருப்புக் கின்னஸ் டிராஃப்ட்டில் ஆல்கஹால் 4.2 விழுக்காடு. பெல்ஜியத்தின் டூவெல் பொன்வெயில் நிறத்தில் பளபளக்கும், அது 8.5 விழுக்காடு. நிறம் வறுவலிலிருந்து வருகிறது, போதை சர்க்கரையின் அளவிலிருந்து வருகிறது. இந்தத் தவறான எண்ணத்தால் ஸ்டவுட்டைத் தொடாமலே இருப்பவர்கள் என் நண்பர்களில் நால்வர்.

இனி ஹாப்ஸ். இங்கேதான் கசப்பு என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. ஹாப்ஸை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால் கசப்பு வரும், மணம் ஆவியாகிவிடும். கடைசி ஐந்து நிமிடத்தில் போட்டால் மணம் நிற்கும், கசப்பு அவ்வளவாக இறங்காது. ஆகவே "எனக்கு ஹாப்ஸ் பிடிக்காது" என்று சொல்வதற்கு முன் எந்த ஹாப்ஸ், எப்போது போட்டது என்று கேட்க வேண்டும். கசப்பை ஐபியு என்ற எண்ணால் அளக்கிறார்கள். மெல்லிய லாகர்களில் 10 முதல் 20 வரை, அமெரிக்க ஐபிஏவில் 40 முதல் 70 வரை. அந்த எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. இனிப்பு கனமாக இருக்கும் பீரில் 30 தெரியவே தெரியாது. வறண்ட பீரில் அதே 30 குத்தும். பாகற்காய்க்கு வெல்லம் போடுகிற வீட்டுக்கும் போடாத வீட்டுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

மணத்துக்கு ஒரு மலிவான சோதனை உண்டு. மூன்று சின்னப் புட்டி சாதா லாகர் வாங்கி, மூடியைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வகை ஹாப்ஸ் உருண்டையை இரண்டு மூன்று மட்டும் போட்டு, உடனே புது மூடி அடித்து, மூன்று நாள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். போட்டவுடன் பொங்கும், கழுவுதொட்டிக்கு மேலே வைத்துச் செய்யுங்கள். நான் சட்டையோடு கற்றுக்கொண்டேன். ஒன்றில் அமெரிக்கக் காஸ்கேட்: பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளிய மணம். இரண்டாவதில் சிட்ரா: மாம்பழம், கொய்யா. மூன்றாவதில் செக் நாட்டின் சாஸ் ஹாப்ஸ்: காய்ந்த துளசி, லேசாக மிளகு. இளைஞர்கள் எல்லாரும் இரண்டாவதுக்குத்தான் உயிரை விடுகிறார்கள். எனக்கு மாம்பழ மணம் மாம்பழத்தில் இருந்தால் போதும். மூன்றாவது புட்டியை மறுநாளும் நினைத்துக்கொண்டேன்.

உங்கள் நாக்கும் என் நாக்கும் ஒன்றல்ல என்பதற்கு வெறும் பழக்கம் மட்டும் காரணமில்லை. 1931ஆம் ஆண்டில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொடியைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்தில் இருந்தவர் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கு ஒன்றுமே தெரியவில்லை. சில கசப்புகளை உணர்வது பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும் என்பது அப்படி வெளிவந்தது. நண்பர் இது கசக்கவே இல்லை என்று சத்தியம் செய்தால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் நாக்குக்காக நீங்கள் இருபது லிட்டர் காய்ச்சக் கூடாது.

இன்னொரு பழைய வெறுப்பும் இந்த இரண்டு மாதத்தில் தீர்ந்தது. பச்சைப் புட்டியில் வரும் ஐரோப்பிய லாகர்களை சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் குடிக்கும்போதெல்லாம் எரிந்த ரப்பர் மாதிரி ஒரு வாடை வரும், அதுதான் அந்தப் பீரின் குணம் என்று நினைத்திருந்தேன். வெயில் பட்டால் ஹாப்ஸில் உள்ள பொருள் சிதைந்து அந்த வாடை வருகிறதாம். அமெரிக்கர்கள் அதை ஸ்கங்க் என்னும் விலங்கின் நாற்றம் என்கிறார்கள். பழுப்புப் புட்டி அந்த வெளிச்சத்தைத் தடுக்கும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது. அதே பீரை வீட்டில் பெட்டியிலிருந்து நேராக எடுத்துக் குடித்தேன். நல்ல பீர். முப்பது ஆண்டுகள் வெயிலைத் திட்டாமல் அதைத் திட்டியிருக்கிறேன்.

கடைசியாக ஈஸ்ட். என் ருசியை எனக்குக் காட்டிக்கொடுத்தது இதுதான். கோதுமை மால்ட் சாறில் பத்து லிட்டர் காய்ச்சி, இரண்டு ஜாடியில் பிரித்து, ஜெர்மனியின் பவேரியா கோதுமை பீருக்கான ஒரே ஈஸ்ட்டை இரண்டிலும் போட்டேன். ஒரு ஜாடி வெளியே, நம் ஊர்ச் சூட்டில். மற்றது தண்ணீர் நிரப்பிய பெரிய தொட்டியில். காலையும் இரவும் உறைந்த தண்ணீர்ப் புட்டிகளைத் தொட்டியில் மாற்றி மாற்றிப் போட்டு 20 டிகிரியை ஒட்டி வைத்திருந்தேன். முதல் ஜாடி பழுத்துக் கறுத்த ரஸ்தாளி. அதில் பாதி டம்ளருக்கு மேல் போகவில்லை. இரண்டாவதைத் திறந்தபோது மனைவி கூடத்திலிருந்து "இதில் கிராம்பு போட்டீர்களா?" என்று கேட்டார். ஒரு கிராம்பும் போடவில்லை. அந்த ஈஸ்ட் தானாகவே கிராம்பு மணத்தை உண்டாக்கும். நோட்டில் அன்றைக்கு ஒரே ஒரு சொல்தான் எழுதியிருக்கிறேன்: "இதுதான்."

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பிடித்தது ஒன்று, காய்ச்ச முடிவது ஒன்று. பிடித்தது லாகர் என்றால் அதற்கு 10, 12 டிகிரி வேண்டும், தனிக் குளிர்பெட்டி இல்லாமல் நடக்காது. பெல்ஜியத்தின் வலோனியா பகுதியில் பிறந்த சேசன் என்னும் பண்ணைப் பீருக்கான ஈஸ்ட்டுகளில் சில 30 டிகிரியிலும் நன்றாகவே வேலை செய்யும், மிளகுக் காரம் மாதிரி ஒரு சுவை தரும். நார்வே பண்ணைவீடுகளில் தலைமுறையாகக் காத்து வந்த குவைக் ஈஸ்ட் 35 டிகிரியிலும் நாற்றமில்லாமல் முடித்துவிடும். குளிர் நாட்டு ஈஸ்ட் நம் ஊர்ப் பகல் வெப்பத்தை இப்படி விரும்புவது எனக்கு இன்றும் வேடிக்கைதான். புதியவர்கள் ஐபிஏ தொகுப்பைத் தூக்குமுன் இந்த இரண்டு ஈஸ்ட்டிலும் காய்ச்சிய பீரைக் கடையில் ஒவ்வொரு புட்டி வாங்கி ருசி பார்க்கலாம்.

நான் இப்போது காய்ச்சுவது ஐந்து லிட்டர் மட்டும். கெட்டுப்போனால் ஐந்தோடு போகட்டும். ஆறரை லிட்டர் தண்ணீர், 600 கிராம் கோதுமை மால்ட் சாறுத் தூள், சாஸ் ஹாப்ஸ் 7 கிராம் ஒரு மணி நேரக் கொதிக்கு. அடுப்பை அணைக்கும்போது இடித்த மல்லி விதை 5 கிராமும் ஒரு ஆரஞ்சின் தோலும். மல்லி என் கண்டுபிடிப்பு இல்லை. பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் வெள்ளைப் பீர் காய்ச்சுவது முற்றிலும் நின்றுபோய், 1960களில் பியேர் செலிஸ் என்ற பால்காரர் மறுபடி தொடங்கினார். அதில் மல்லியும் ஆரஞ்சுத் தோலும் வழக்கமாகச் சேர்வதுதான். ரசத்துக்கு இடித்த மல்லி மீந்திருந்தால் எங்கள் வீட்டில் இப்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. புட்டியில் அடைக்கும்போது மொத்தத்துக்கும் 30 கிராம் சர்க்கரை. பதின்மூன்று அல்லது பதினான்கு சின்னப் புட்டி தேறும்.

என் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை இந்தக் கடிதத்தில் சொல்லிவிடுகிறேன். காய்ச்சுவது என்று தமிழில் சொன்னாலே சம்சு என்னும் மலிவுச் சாராயம் காய்ச்சுவதாக நினைத்துக்கொண்டு எனக்குப் புத்தி சொல்கிறார்கள். சம்சுவில் நம்மவர்கள் பட்ட பாடு எனக்கும் தெரியும். இது வடித்தல் அல்ல; வடித்தால் குற்றம். சிங்கப்பூரில் 18 வயது நிரம்பியவர் சொந்த உபயோகத்துக்காக ஒரு வீட்டில் மாதம் 30 லிட்டர் வரை பீர் காய்ச்சலாம், விற்கக் கூடாது. என் கணக்கு மாதம் ஐந்து. அதிலும் பாதியை மேல் மாடி நண்பர் கொண்டு போகிறார்.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால் பானையின் விலை பற்றி எழுதுவதைக் குறைத்துவிட்டு, ருசி பார்க்கும் முறைக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். "ஃப்ளோரல்", "எஸ்டரி" என்று எழுதினால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. ரஸ்தாளி, கிராம்பு, பொட்டுக்கடலை, பம்ப்ளிமாஸ் தோல் என்று எழுதுங்கள். சொற்கள் போதவில்லை என்றால் என் நோட்டைக் கொடுத்தனுப்புகிறேன். பதினோராம் பக்கத்தில் மட்டும் மீன்குழம்புக் கறை இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழாய் பொருத்துநர் ஒருவர்,
யீஷூன்